வைஃபை எட்டாத அறைக்கு பிளக் பாயிண்ட் வழியாக ஒரு வழி

மக்களே, இந்தத் தடவை அரசியல் இல்லை, சினிமா இல்லை. சுத்தமான வீட்டுப் பிரச்சினை.

எங்கள் நெய்யூரில் "எம்பிபிஎஸ்" என்று யாராவது சொன்னால் பெரியவர்களுக்கு உடனே மிஷன் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 1838-ல் லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே ஆரம்பித்த மருத்துவப் பணி, பிறகு 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் டாக்டர் என்று அது பெரிய கதை. இப்போது அதே எம்பிபிஎஸ் வேறு அர்த்தத்தில் வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. "உங்க வீட்டுல எத்தனை எம்பிபிஎஸ்?" என்று கேட்டால் டாக்டர்களை எண்ணக் கூடாது, நெட் ஸ்பீடைச் சொல்ல வேண்டும் :-)

அந்த ஸ்பீடு குறைந்தால் நாம் முதலில் திட்டுவது கம்பெனியை. அடுத்து செய்வது, 100 பிளானை 200 ஆக்குவது. மாதாமாதம் கூடுதல் காசு போகும். பின்னறையில் வீடியோ மட்டும் அப்படியே சுற்றிக்கொண்டே இருக்கும். காரணம் எளிது. ஃபைபர் வாசல் வரைக்கும் ஒழுங்காகத்தான் வருகிறது. கோளாறு, வாசலில் இருந்து பின்னறைக்குப் போகும் கடைசி முப்பது அடியில்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவர் ஒன்றரை அடி கனம். நீளவாக்கில் வீடு. முன்னறை, நடுவறை, அதைத் தாண்டி அடுக்களை, ஓரமாக ஒரு சின்ன அறை. ஃபைபர் முன்வாசல் வழியாக வருவதால் ரவுட்டரும் முன்னறையில். வைஃபை என்பது ரேடியோ அலைதானே? 2.4 கிகா ஹெர்ட்ஸ் கொஞ்சம் சுவரைத் தாண்டும், ஆனால் மெதுவாக. அதில் ஒன்றோடொன்று மோதாத சானல் மூன்றே மூன்று (1, 6, 11), அதையும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பங்கு போட வேண்டும். 5 கிகா ஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனமான சுவரைக் கண்டால் படுத்துவிடும். எங்கள் பாட்டா கட்டிய வீட்டில் 100 பிளான் முன்னறையில் கிட்டத்தட்ட முழுசாக வருகிறது. பின்னறையில் ஒற்றை இலக்கம்.

இது வெறும் ஸ்பீடு விவகாரமாக இருந்தால் ஒரு பதிவு எழுத மாட்டேன். 2020-ல் கொரோனா வந்து வகுப்பெல்லாம் செல்போனுக்குள் போனபோது என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். நெட் முன்னறையில். டிவியும் முன்னறையில். வருகிற போகிற ஆட்களும் முன்னறையில். அமைதி மட்டும் பின்னறையில். படிக்கிற பிள்ளை எங்கே உட்காரும்? பெரும்பாலான வீடுகளில் டிவிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தது, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு. அந்தப் பழக்கம் இன்றைக்கும் மாறவில்லை. வேலைக்கான தேர்வுக்குப் படிக்கிற அக்கா, வீட்டிலிருந்து வேலை பார்க்கிற அண்ணன், மாக் டெஸ்ட் எழுதுகிற தம்பி எல்லோரும் நெட் இருக்கும் இடத்துக்குத்தான் நாற்காலியை இழுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஆள் இருக்கும் இடத்துக்கு நெட் வர வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இதற்குக் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது வைஃபை ரிப்பீட்டர். விலை குறைவான ரிப்பீட்டர்களில் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே ரேடியோ. ஒரே வாயால் கேட்டு, அதே வாயால் திருப்பிச் சொல்வது போல. அதனால் வேகம் பாதியாகிவிடும். அதோடு, அது தனக்கு வந்து சேர்ந்த சிக்னலைத்தான் திருப்பிக் கொடுக்கும். நொண்டி வந்த சிக்னல் நொண்டியேதான் போகும்.

சரி, இப்போது மேட்டருக்கு வருவோம். பவர்லைன் அடாப்டர். பார்க்கச் சின்ன சார்ஜர் மாதிரி இருக்கும், ஜோடியாக விற்பார்கள். ஒன்றை ரவுட்டருக்குப் பக்கத்து பிளக்கில் செருகி லேன் ஒயரால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். இன்னொன்றைப் பின்னறை பிளக்கில் செருகி, அங்கிருந்து லேன் ஒயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். சுவருக்குள் ஏற்கனவே ஓடும் கரண்ட் ஒயரே நெட் ஒயர் ஆகிவிடுகிறது. நம் வீட்டுக் கரண்ட் வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. இந்தப் பெட்டிகள் அதன் மேல் 2 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான சின்ன சிக்னலை ஏற்றி விடுகின்றன (புது மாடல்கள் இன்னும் மேலே போகும்). பஸ் ஓடுகிற ரோட்டில் சைக்கிள் போவது போல, ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பெரிய துணை மின் நிலையங்களில் கம்பிக்குப் பக்கத்தில் பீப்பாய் மாதிரி ஒரு பெரிய சுருள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் வேவ் டிராப். மின்வாரியங்கள் உயர் அழுத்தக் கம்பி வழியாகவே பேச்சும் தகவலும் அனுப்பும் ஏற்பாட்டில் அது ஒரு உறுப்பு. பல பத்தாண்டுகளாக நடக்கிற விஷயம்.

இதே முறையில் ஊருக்கே நெட் கொடுக்கப் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் நடந்த முயற்சி 1999-ல் நின்றுபோனது. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் மனாசஸ் நகரம் 2005-ல் ஊர் முழுக்கக் கொடுத்து, 2010-ல் மூடிவிட்டது. தெருவில் தோற்ற சாமான் வீட்டுக்குள் மட்டும் பிழைத்தது. 2000-ல் கம்பெனிகள் சேர்ந்து ஹோம்பிளக் கூட்டமைப்பை ஆரம்பித்தன. 2001-ல் முதல் தரம் வந்தபோது காகிதத்தில் 14 எம்பிபிஎஸ். 2005-ல் 200. இன்று அட்டைப்பெட்டியில் 1000, 2000 என்றெல்லாம் அச்சடிக்கிறார்கள்.

அந்த அச்சை நம்பாதீர்கள் என்பதுதான் இந்தப் பதிவில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அந்த எண் இரண்டு திசையையும் சேர்த்துக் கூட்டிய, ஆய்வுக்கூட எண். வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே நல்ல ஒயரிங் என்று அர்த்தம். இன்னொரு வேடிக்கை, 500, 600 என்று விற்கும் பல பெட்டிகளில் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான். அண்டா நிறையத் தண்ணீர் இருந்து என்ன, குழாய் சின்னது. எங்கள் பின்னறையில் இப்போது நாற்பதுக்குக் குறையாமல் வருகிறது. அடுக்களையில் மிக்சி ஓடும்போது இருபதுக்கு இறங்கி, தேங்காய் அரைத்து முடிந்ததும் ஏறிவிடுகிறது. ஆன்லைன் வகுப்புக்கும் தேர்வுக்கும் இது தாராளம். அங்கே வேண்டியது பெரிய வேகம் இல்லை, அறுந்து போகாத இணைப்பு.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:

1) பேஸ். சிங்கிள் பேஸ் வீடு என்றால் கவலை குறைவு. த்ரீ பேஸ் வீட்டில் முன்னறை ஒரு பேஸிலும் பின்னறை வேறு பேஸிலும் இருக்கலாம். அப்படியானால் சிக்னல் வராது, அல்லது நொண்டும். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டால் டிபி போர்டைத் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார்.

2) இன்வெர்ட்டர். பல வீடுகளில் சில பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில், மற்றவை நேரடி லைனில். ஒரு பெட்டி இதிலும் இன்னொன்று அதிலும் இருந்தால் சிக்னல் தேய்ந்துவிடும். இரண்டையும் ஒரே வகை லைனில் போடுங்கள். நேரடி லைனில் போட்டால் கரண்ட் போனதும் பின்னறை நெட்டும் போய்விடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

3) எர்த். புது மாடல்களில் சில, எர்த் ஒயரையும் சேர்த்துப் பயன்படுத்தி வேகம் கூட்டுகின்றன. சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருப்பதால் மட்டும் எர்த் இருக்கிறது என்று ஆகாது. பழைய வீடுகளில் அது வெறும் ஓட்டையாகவே இருக்கும். நெட்டுக்காக இல்லாவிட்டாலும் உயிருக்காக அதைச் சரி செய்ய வேண்டும்.

4) எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. நேராகச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும். சர்ஜ் புரொடெக்டர் இருந்தால் அது இந்தச் சிக்னலையும் இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. இரண்டு பருவமழையும் நமக்கு வருகிறது, சித்திரை வைகாசி கோடை மழையும் ஐப்பசி மழையும் இடி மின்னலோடுதான் வரும். பாதுகாப்புப் பெட்டி போட முடியாத சாமான் என்பதால், வானம் இருட்டினால் கழற்றி வைப்பதே வழி.

5) ஜோடி பட்டன். இரண்டிலும் அதை அழுத்தினால் நமக்கே நமக்கான பூட்டோடு (128 பிட் குறியாக்கம்) பேச ஆரம்பிக்கும். ஒரே மீட்டரைப் பல குடித்தனங்கள் பகிரும் வீட்டில் இதைச் செய்யாமல் விடாதீர்கள்.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். இந்த முறைக்கு நெடுநாள் எதிர்ப்பு ஹாம் ரேடியோக்காரர்களிடம் இருந்து வருகிறது. வீட்டு ஒயரில் 2 முதல் 30 மெகா ஹெர்ட்ஸ் ஓடினால் அந்த ஒயரே ஏரியல் மாதிரி ஆகி, சிற்றலை ரேடியோவில் இரைச்சல் கிளப்பும். "யாரோ நாலு பேர் பொழுதுபோக்கு" என்று ஒதுக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 சுனாமி பக்கத்தில் குளச்சலை என்ன செய்தது என்று நம் ஊரில் சொல்ல வேண்டியதில்லை. அதே நாளில் அந்தமானில் தொலைபேசித் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் குழுதான் சிற்றலை வழியாகச் செய்திகளை வெளியே கொண்டு சேர்த்தது. இதனால்தான் முறையான பவர்லைன் பெட்டிகள் அமெச்சூர் அலைவரிசைகளைத் தொடாமல் இடம் விட்டு ஓடுமாறு செய்யப்படுகின்றன. தரம் எதுவும் குறிப்பிடாத மலிவுப் பெட்டியை வாங்காதீர்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, வைஃபைக்குப் பதில் பவர்லைனா? முழுசாக இல்லை. செல்போனோடு வீடு முழுக்க நடக்கிறவருக்கு வைஃபைதான். ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒயர்தான். ஒயரில் முதல் இடம் லேன் கேபிளுக்கு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிக்சியும் மின்னலும் பேஸும் அதைக் கேட்பதில்லை. சுவரில் துளை போட விடாத வாடகை வீட்டுக்கும், துளை போட்டால் காரை பெயரும் பழைய வீட்டுக்கும் இரண்டாம் இடம் பவர்லைன். ரிப்பீட்டர் அதற்கும் கீழே. வாங்கும்போது திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். உங்கள் வீட்டு ஒயரிங் ஒத்துழைக்குமா என்று செருகிப் பார்த்தால்தான் தெரியும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. நம் பக்கம் வளைகுடாப் பணத்தில் எழும்பும் வீடுகளில் ஏசிக்கு, கீசருக்கு, சிசிடிவிக்கு எல்லாம் பாயிண்ட் விடுகிறார்கள். படிக்கிற அறைக்கு ஒரு லேன் பைப் விடச் சொன்னால் "அதுதான் வைஃபை இருக்கே" என்கிறார்கள். கான்கிரீட் போடும் முன் ஒரு முக்கால் இஞ்ச் பைப்பைப் புதைப்பது பெரிய செலவே இல்லை. அதைச் செய்துவிட்டால் இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையே இல்லை.

மற்றவர்கள் பிளானை ஏற்றுவதற்கு முன், பின்னறையில் ஒரு தரம் ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். வேறொரு விஷயத்தோடு அடுத்த வாரம் வருகிறேன். வரட்டுமா?