ஹாம் வானொலி முதலில் ஒரு பொழுதுபோக்கு: சின்னசேலம் ஆர்வலர்களின் நிலைப்பாடு

புயலோ வெள்ளமோ வந்து செல்போன் கோபுரங்கள் செயலிழந்தால், உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தாங்களே நிலையம் அமைத்துப் பேசும் ஹாம் வானொலியைப் பற்றி அடுத்த சில வாரங்களுக்கு எல்லோரும் பேசுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களைப் புரட்டிப்போட்ட பிறகு எங்கள் பகுதியிலும் அந்தப் பேச்சு எழுந்தது. நாலு வானொலி செட் வாங்கி அலுவலகங்களில் வைத்துவிட்டால் போதாதா, வாட்ஸ்அப் இருக்கும் காலத்தில் ஆன்டெனா கட்டி உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு எதற்கு என்று எங்களிடம் கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் அந்த யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. ஹாம் வானொலி பொழுதுபோக்காக வளர்ந்தால்தான் ஆபத்துக் காலத்திலும் உதவும். நம் பள்ளிகளிலும் கல்வராயன் மலையிலும் அது அப்படித்தான் வளர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். அவர்களை மீட்புப் பணிக்கென்று யாரும் அனுப்பவில்லை. அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தீவோடு ஒருமுறையாவது பேசிவிட வேண்டும் என்று உலகெங்கும் ஹாம்கள் காத்திருந்தார்கள். போர்ட் பிளேரில் ஆன்டெனா கட்டி, இரவு பகலாக அவர்களோடு பேசிக்கொண்டிருந்தது அந்தக் குழு. டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. தொலைபேசிகள் செத்துக் கிடந்த நேரத்தில், அதே கருவியும் அதே ஆட்களும் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்தி கடத்தினார்கள். பிறகு கார் நிக்கோபாரிலும் ஒரு நிலையம் அமைந்தது. பொழுதுபோக்குக்காகப் போகாதிருந்தால் அந்த நாளில் அவர்கள் அங்கே இருந்திருக்கவே மாட்டார்கள்.

பெட்டிக்குள் பூட்டி வைத்த செட்டால் இது ஆகாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிற்றலைகள் நேர்க்கோட்டில் போய்விடுவதில்லை. தரையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் வளைந்து மறுபடி பூமிக்கு இறங்குகின்றன. அந்த அடுக்கு வேளைக்கு வேளை மாறும். 7 மெகாஹெர்ட்ஸ் பகலில் சென்னை, மதுரை, பெங்களூரு வரை தெளிவாகக் கேட்கும். இருட்டிய பிறகு கடல் தாண்டும். 14 மெகாஹெர்ட்ஸில் மாலை நேரத்தில் ஐரோப்பா வந்து நிற்கும். சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி 2024-இல் உச்சத்தைத் தொட்டதால் 28 மெகாஹெர்ட்ஸும் நன்றாகத் திறந்தது. எந்த வேளைக்கு எந்த அலைவரிசை, இரைச்சலுக்குள் புதைந்த கால்சைனை (நிலையத்தின் அடையாளக் குறியை) எப்படிப் பிரித்துக் கேட்பது, ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதெல்லாம் கையேட்டைப் படித்து ஒரே நாளில் வராது. தினமும் யாரோ ஒரு ஜப்பானியரோடும் இலங்கைக்காரரோடும் பேசிப் பேசித்தான் வரும்.

கல்வராயன் மலைக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மலை அது. பல குக்கிராமங்களில் செல்போன் சிக்னல் சரிவரக் கிடைப்பதில்லை. வாக்கி டாக்கி கொடுத்துவிடலாம் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வகை அலை நேர்ப்பார்வையில் போவது; குறுக்கே ஒரு முகடு வந்தால் நின்றுவிடும். இடையில் உயரமான இடத்தில், அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். ஆனால் 7 மெகாஹெர்ட்ஸுக்கு, இரு பக்கமும் சேர்த்து 20 மீட்டர் செம்புக் கம்பியை மரங்களுக்கிடையே தாழ்வாகக் கட்டினால், அலை செங்குத்தாக மேலே போய் குடைபோல் கீழே இறங்கும். வெள்ளிமலைக்கும் சின்னசேலத்துக்கும் இடையே எத்தனை முகடு இருந்தாலும் அதற்குப் பொருட்டில்லை. கார் பேட்டரி ஒன்று போதும். மலையில் மின்கருவிகளின் இரைச்சல் குறைவு என்பதால், கடைத்தெருவில் கேட்காத தொலைதூரக் குரல்கூட அங்கே கேட்கும். மலையில் படிக்கும் பிள்ளைகளை வசதி குறைந்தவர்கள் என்றே எப்போதும் பேசுகிறோம். இந்த ஒரு கலையில் சென்னைப் பிள்ளைகளைவிட அவர்களுக்கு இடம் வாய்ப்பாக அமைந்திருக்கிறது.

வாட்ஸ்அப் இருக்கிறதே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் நமக்குத் தெரிந்தவரோடு பேசுகிறோம். நடுவில் கோபுரமும் கேபிளும் யாரோ ஒருவருடைய சர்வரும் இருக்கின்றன. ஹாம் வானொலியில் யார் பதில் சொல்வார் என்று தெரியாமல் அழைக்கிறோம். பதில் வந்தால், நாமே சுற்றிய கம்பிச்சுருளிலும் நாமே கட்டிய கம்பியிலும் அது வந்திருக்கிறது. ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் 2003 வாக்கில் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற டிரான்ஸ்சீவரை (அனுப்பவும் பெறவும் உதவும் கருவியை), கடைகளில் எளிதாகக் கிடைக்கும் உதிரிபாகங்களைக் கொண்டே உலகெங்கும் ஆர்வலர்கள் கட்டியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய உறவு உண்டு. அகில இந்திய வானொலி பிறப்பதற்கு முன்பே, 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அதே ஆண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பு நடத்தியது. பணமில்லாமல் 1927-இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. ஆர்வலர்கள் பொழுதுபோக்காகச் செய்ததிலிருந்துதான் சென்னைக்கு வானொலியே வந்தது.

விண்வெளியும் எட்டாத தூரமில்லை. 2005 மே 5 அன்று இஸ்ரோ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஹாம்சாட், ஹாம்களுக்கென்றே செய்த 42.5 கிலோ செயற்கைக்கோள். ஒன்பது ஆண்டு உழைத்தது. 2025 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா, பெங்களூரில் கூடியிருந்த மாணவர்களோடு ஹாம் வானொலியில் பேசினார். கத்தாரின் எஸ்ஹெயில்-2 செயற்கைக்கோளில் ஹாம்களுக்கான பகுதி ஒன்று உண்டு. வீட்டு மாடியில் துருப்பிடிக்கும் டிடிஎச் டிஷ்ஷை மேற்கே திருப்பி வைத்து அதைக் கேட்க முடியும். இயற்பியல் பாடத்துக்கு இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். பேரிடர் நிதியில் செட் வாங்குவதென்றால், அதை இயக்க உரிமம் பெற்றவர்கள் உருவான பிறகு வாங்குங்கள். அதற்கு முன் கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றிலும் சின்னசேலத்தின் அரசுப் பள்ளி ஒன்றிலும் ஹாம் மன்றம் தொடங்குங்கள். 12 வயது நிறைந்தவர் உரிமத் தேர்வு எழுதலாம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. மின்னியலும் விதிகளும்தான் பாடம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டக்கூடியதே. அந்தப் பாடங்களும் வினாக்களும் நல்ல தமிழில் கிடைக்க வேண்டும். தேர்வை ஆண்டுக்கு ஒருமுறையாவது கள்ளக்குறிச்சியிலோ சேலத்திலோ நடத்த வேண்டும். தேர்வுக்காக மலையிலிருந்து இறங்கி சென்னை போய்வர ஒரு கூலிக் குடும்பத்துக்கு இரண்டு நாள் சம்பளம் போகும்.

உரிமம் இல்லாமல் கருவியை இயக்குவதை நாங்கள் எந்தக் காரணத்துக்காகவும் ஆதரிக்கவில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று செட் வாங்கி, காவல்துறை அலைவரிசை வரை திருப்பிப் பார்ப்பவர்கள் ஹாம்கள் அல்லர். எங்கள் அலைவரிசையில் வியாபாரம் பேச இடமில்லை. ரகசியக் குறியீட்டில் பேசவும் இடமில்லை. யாரும் கேட்கலாம் என்று தெரிந்தே பேசுகிறோம்.

பள்ளிகள் இசைந்தால் ஆன்டெனா கட்டுவது, பாடம் நடத்துவது, தேர்வுக்குத் தயார்செய்வது ஆகியவற்றைக் கட்டணமின்றி நாங்களே செய்கிறோம். மலைப் பள்ளிக்கு வாரந்தோறும் ஏறி வரவும் ஆள் இருக்கிறோம். மாவட்ட நிர்வாகமும் பள்ளிக்கல்வித் துறையும் பழங்குடியினர் நலத் துறையும் வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் இதில் முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.