கொடிகள் மாறிய கரையில் நிறம் படித்தவர்கள்

கடலூருக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கரை எத்தனையோ கொடிகளைப் பார்த்துவிட்டது. போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், புனித டேவிட் கோட்டையில் ஆங்கிலேயர் அமர்ந்தார்கள். 1781-இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலி தோற்றார். 1783-இல் கடலூருக்கு எதிரே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. இவர்களுக்கெல்லாம் கடல் வெறும் பாதை. அதன் நிறத்தைப் படித்தவர்கள் தேவனாம்பட்டினத்திலும் அன்னங்கோயிலிலும் கலங்கல் எது, தெளிவு எது என்று பார்த்து வலை இறக்கியவர்கள். வரலாற்று நூல்களில் இடம்பெறாத அந்தக் கண்ணுக்கே நாம் வாரிசுகள் என்று எனக்குப் படுகிறது.

அந்த நிறத்துக்குக் காரணம் தேடியவரும் திருவானைக்காவில் பிறந்த நம்மவர்தான். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்று இயற்பியலாளர் ராலே சொல்லியிருந்தார். 1921-இல் நர்குண்டா கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்த சி. வி. ராமன், நிகோல் பட்டகம் என்ற ஒளிக்கருவியைத் திருப்பி, நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்த வானொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, இன்னும் அடர்ந்தது. சிவப்பைச் சில மீட்டருக்குள்ளேயே நீர் விழுங்கிவிடுகிறது. ஆழம் போகும் நீலத்தை நீரின் மூலக்கூறுகளே சிதறடித்து மேலே அனுப்புகின்றன. 1928-இல் அவர் கண்டுபிடித்த ராமன் விளைவுக்கு வழி திறந்தது இந்த நீலம்தான்.

அவருக்கும் முன்பே, 1865-இல், ஆஞ்சலோ சேக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து நீரின் தெளிவை அளக்க வெள்ளை வட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கினார். வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தாருக்கும் பழகிய கருவி அது. படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, வட்டு மறையும் ஆழத்தைக் குறித்து, மெல்ல இழுத்து மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுப்பார்கள். இத்தனை எளிய கருவி ஒன்றரை நூற்றாண்டு தாக்குப்பிடித்ததில் எனக்கு ரகசிய மகிழ்ச்சி உண்டு.

பிறகு விண்ணிலிருந்தும் கடலின் நிறத்தைப் படிக்கத் தொடங்கினோம். 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள், எட்டு நிறப்பட்டைகளில் கடலைப் பார்த்தது. மிதவை நுண்பாசியின் பச்சையம் நீலத்தை உறிஞ்சிவிடுவதால், எங்கே நீலம் குறைகிறதோ அங்கே பாசி, பாசியைத் தொடர்ந்து மீன் என்பது கணக்கு. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் மீனவர்களுக்கு அனுப்பும் மீன்பிடி அறிவிப்புகளில் இந்தக் கணக்கும் அடங்கும். ஆனால் ஆழ்கடலில் பலிக்கும் கணக்கு நம் கரையோரத்தில் சறுக்குகிறது. வெள்ளாறும் கொள்ளிடமும் கொண்டுவரும் வண்டல் ஒளியைச் சிதறடிக்கிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னை இலைகள் அழுகிக் கரைந்த பழுப்பு நீரும் நீலத்தை உறிஞ்சுகிறது. சேற்றையும் சருகையும் பாசி என்று எண்ணிவிடுகிறது செயற்கைக்கோள். அதனால் படகில் போய், நீர் மொண்டு, வடிகட்டி, பச்சையம் அளந்து அந்தக் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கிறது. 2022-இல் பறந்த ஓஷன்சாட்-3-க்குப் பட்டைகள் பதின்மூன்று. ஆயினும் ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகள் பெருகி நீர் நாளுக்கொரு நிறம் காட்டும்போது, மேகம் மூடி அதற்கும் கடல் தெரிவதில்லை.