ஆறு பெருகினால் பஸ் வராது!

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேரும் ஊர் திருமுக்கூடல். ஆண்டில் பல மாதங்கள் பாலாற்றில் மணல்தான் தெரியும். ஆனால், 2021 நவம்பரில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் பாய்ந்தபோது, சுற்றுவட்டார மக்களுக்குக் கைவிட்டுப் போனது பஸ்தான்.

பாலாற்றில் வாலாஜாபாத் - அவளூர், செய்யாற்றில் மாகரல் - வெங்கச்சேரி என இரண்டு தரைப்பாலங்களும் சேதமடைந்தன. காஞ்சிபுரம் - உத்திரமேரூர் நேர்வழி துண்டானது.

தரைப்பாலம் கட்டச் செலவு குறைவு, உயரமும் குறைவு. அடியில் இருக்கும் குழாய்களைச் செடிகொடிகள் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேறும். மறுபக்கம் விழுந்து அடிமண்ணை அரிக்கும். வெள்ளம் வடிந்ததும் மண்ணைக் கொட்டிச் சரிசெய்தால், அடுத்த வெள்ளம் அதையும் கொண்டுபோகும். ஆறு காய்ந்து கிடக்கும் வருடங்களில் உயர்மட்டப் பாலத்துக்கு நிதி கேட்கும் அவசரம் யாருக்கும் வருவதில்லை.

பைக் இருப்பவர், திருமுக்கூடல் - பழையசீவரம் உயர்மட்டப் பாலம் வழியாகச் சுற்றிப் போய்விடலாம். பஸ்ஸை நம்பும் மாணவிக்குப் பாடம் போச்சு. கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்குச் சம்பளம் போச்சு.

11-ம் நூற்றாண்டிலேயே 15 படுக்கைகளுடன் இங்கே ஆதுலசாலை நடந்ததைத் திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டு சொல்கிறது. இன்று அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளிக்கு முதல் தேவை, மூழ்காத பாலம். அதைக் கட்ட ஏற்ற காலம், ஆற்றில் மணல் தெரியும் மாதங்கள்தான்!