பூக்குமுன் பிடுங்குவோம்

கோப்பாய், உரும்பிராய்ச் செம்பாட்டுத் தோட்டங்களின் வரம்பில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியத்தை ஆபத்தில்லாத புல்லென்று விட்டுவிட முடியாது. ஒரு செடியே 10,000க்கு மேல் விதை கொட்டும். பட்டால் தோல் தடிக்கும், சிலருக்கு மூச்சும் இழுக்கும். இந்திய அமைதிப்படைக் காலத்தில் வந்ததென்பது ஊர்ப்பேச்சு. கமக்காரர் தம் வெங்காயப் பாத்தியை மட்டும் துப்புரவாக்கிப் பயனில்லை. பக்கத்து வளவுக்காரர் லண்டனில், அவர் வளவில் செடி இடுப்பளவுக்கு நிற்கிறது. ஒழுங்கை ஒழுங்கையாக எல்லாரும் சேர்ந்துதான் இறங்கவேண்டும்: மாரி மழையில் மண் இளகியிருக்கையில், பூக்குமுன், கையுறை போட்டு, வேரோடு. சனசமூக நிலையம் ஆட்களைக் கூட்டட்டும். பூட்டிய வளவுகளைத் திறப்பிக்கப் பிரதேச சபை முன்வரட்டும். வெளிநாட்டு உறவுகள் கூலிக்காசை அனுப்பட்டும். அதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.