மெருகுப் பலகையில் வெடிப்பு

பளிங்குபோல் மெருகிட்ட வெனீர்க் கதவுகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றுகின்றனவே, இது யார் குற்றம் என்று நாகபுரி அன்பர் சிலர் நம்மை வினவியுள்ளனர். அவர்களுள் ஒருவர் பாலிஷ் வேலைக்காரருக்குரிய கடைசித் தவணையையும் நிறுத்தி வைத்திருக்கிறார். ஆதலின் இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

மரம் அறுபட்ட பின்னரும் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாகவே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 80 விழுக்காடாக இருப்பின் மரத்தில் ஏறக்குறைய 16 விழுக்காடு நீர் தங்கும். காற்று 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் மரத்தின் நீரும் 5 விழுக்காட்டை ஒட்டி வந்துவிடும். சென்னைக் கடற்காற்றில் செய்த அலமாரி நாகபுரியின் மே மாதத்தைக் காணும்பொழுது நேர்வது இதுவே. நீர் வற்றினால் மரம் சுருங்கும். அதுவும் ரேகைக்குக் குறுக்கே சுருங்குமேயன்றி நீளவாக்கில் சுருங்குவது மிகச் சொற்பம். வெடிப்பு ரேகையோடு ஓடுவது இதனாலேதான். தண்டவாளம் வெயிலில் நீளுமென்று பழைய பாதைகளில் இடைவெளி விட்டிருப்பதை நம்மவர் அறிவர். பசையால் ஒட்டுண்ட வெனீருக்கோ அத்தகைய இடமில்லை. சுருங்க வழியின்றிக் கிழிகிறது.

வெனீர் என்பது பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள தகடு. அதனைச் சீவும் கத்தியே ஒரு பக்கத்தில் நுண்ணிய கீறல்களை உண்டாக்கிவிடுகிறது. அந்தப் பக்கம் பசையை நோக்கியிருத்தல் நலம். புத்தகம் விரித்தாற்போல் தகடுகளை இணை சேர்க்கும்பொழுது ஒன்றுவிட்டு ஒன்று கீறற்பக்கம் மேலே வந்துவிடும்; அழகை விரும்புவோர் இதனையும் அறிந்தே விரும்பவேண்டும். அடியிலுள்ள பிளைவுட்டின் ரேகையும் மேல் வெனீரின் ரேகையும் ஒரே திசையில் ஓடலாகாது. பசை மற்றொரு விஷயம். நீர் கலந்த வெள்ளைப் பசையை வாரிப் பூசினால் தகடு அந்நீரைக் குடித்து உப்பும். உப்பிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டு, பின்னர் உலர்ந்து சுருங்கும். ரப்பர்ப் பசை இளகுந் தன்மையது. வேலை விரைவில் முடிகிறதென்று பலர் அதனை நாடுகின்றனர். கண்ணாடி மெருகுக்கு அது ஆகாது என்பதே நம் கருத்து.

தவணையை நிறுத்திய அன்பரின் அலமாரியை நாமும் சென்று பார்த்தோம். பாலியெஸ்டர் மெருகு குறைவின்றி இடப்பட்டிருந்தது. மேற்கு ஜன்னலை ஒட்டிய இரண்டு கதவுகளில் மட்டும் வெடிப்பு. அவ்விரண்டின் உட்புறமும் வெறும் பலகை. செலவைக் குறைக்க உட்புறம் வேண்டாமென்று சொன்னவர் வீட்டுக்காரரே. முன்புறம் அடைபட்டுப் பின்புறம் திறந்திருந்தால் பலகை ஒரு பக்கமாகவே ஈரத்தை வாங்கி விடும், வளையவும் செய்யும். பாலியெஸ்டர் கனமாகப் படிந்து இறுகுவது. பாலியூரித்தேன் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். எனினும் மரத்தின் அசைவைத் தடுத்து நிறுத்தும் வலிமை இரண்டுக்கும் இல்லை. மங்கிய மெருகில் கண்ணுக்குத் தப்பும் கீற்று, கண்ணாடி மெருகில் விளக்கொளி பட்டதும் தெரிந்துவிடுகிறது. அந்த வேலைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவதே நியாயம் என்று அன்பரிடம் கூறினோம். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இனிச் செய்விக்க இருப்போர் பலகையையும் வெனீரையும் வேலை தொடங்குமுன் இரண்டு வாரமேனும் வீட்டினுள்ளேயே வைத்திருக்கட்டும். ஊசி பொருத்திய சிறு ஈரமானி தச்சரிடம் இருந்தால் நீர் 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். முன்னே ஒட்டும் கனத்திலேயே பின்னேயும் வெனீர் ஒட்டி, இரு முகங்களிலும் நான்கு விளிம்புகளிலும் சீலர் பூசச் செய்க. விளிம்பைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

ஏற்கெனவே வெடித்த கதவுகளுக்கு மழைக்காலத்தில் மறுமெருகு இடவேண்டாம். ஈரம் ஏறியதும் வெடிப்புகள் ஓரளவு மூடிக்கொண்டு ஆறிவிட்டனபோல் தோன்றும். அடுத்த கோடையில் மீண்டும் திறக்கும். காற்று உலர்ந்த நாட்களில் உப்புத்தாளிட்டுத் தேய்த்து, கீற்றுகளை நிரப்பி, பின்னரே மெருகிடுக. அதுவரை கூலரின் காற்று கதவில் நேரே படாதபடி அதனைச் சற்றுத் திருப்பி வைத்தல் போதும்.