ஈஸ்னோபீலியாவும் இரண்டாவது இன்ஹேலரும்

நம் வயதுக்காரர்களுக்கு 'ஈஸ்னோபீலியா' புதிய சொல் அல்ல. பையன் விடாமல் தும்மினாலும், ராத்திரி முழுக்க இருமினாலும் வீட்டில் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். இரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு கூடியிருக்கிறது என்பதே அதன் பொருள். அந்த அணு நுரையீரலுக்கு ஏன் போகிறது? யார் கூப்பிட்டார்கள்?

கூப்பிடுவது கீமோகைன் என்னும் சிறு புரதங்கள். 1994-இல் லண்டனில் டிம் வில்லியம்ஸ் குழுவினர், ஒவ்வாமைக்கு உள்ளாக்கிய கினிப்பன்றிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் அப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்த நீரை இன்னொரு கினிப்பன்றியின் தோலில் செலுத்தினால், அங்கே ஈசினோபில்கள் வந்து குவிந்தன. ஈயோடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர் பரணைச் சுத்தம் செய்கிறார். சில நிமிடங்களில் தும்மல், வீசிங். நீல இன்ஹேலரை இரண்டு தடவை இழுத்ததும் சரியாகிவிடுகிறது. ஆனால் அதற்குள் மூச்சுக்குழாயின் உள்பக்கச் செல்கள் ஈயோடாக்சினைச் சுரக்கத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்தில் ஈசினோபில்கள் இரத்தத்திலிருந்து இறங்கி வந்து, குடல் புழுக்களை எதிர்க்க உடல் வைத்திருக்கும் நச்சுப் புரதங்களை நம் மூச்சுக்குழாய் மீதே கொட்டுகின்றன. சாயங்காலம் மறுபடி நெஞ்சு அடைக்கிறது. காலையில் பரணைத் தொட்டது அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

நீல இன்ஹேலரில் உள்ள சால்பூட்டமால் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். ஈசினோபில்களுக்குப் போகும் அழைப்பைக் குறைப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர். அதைத்தான் நம்மில் பலர் அலமாரியில் பூட்டி வைக்கிறோம்! 'ஸ்டீராய்டு' என்ற பெயரைக் கேட்டாலே பயம். பயம் முழுக்க ஆதாரமற்றதல்ல. மாத்திரையாக நெடுநாள் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ஆனால் மாத்திரை மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு. இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம்.

நீல இன்ஹேலரை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டுவது ஆபத்து என்பது என் உறுதியான கருத்து. 2019-இல் ஜினா என்ற சர்வதேச ஆஸ்துமா அமைப்பும் அந்த முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. இரண்டு மருந்தும் ஒன்றாகக் கலந்த இன்ஹேலர்களும் இருக்கின்றன. உங்கள் கையில் இருப்பது எது என்று, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் எடுத்துக் காட்டியே கேட்டுவிடுங்கள்.