நெல் என் பத்தாயத்தில், கணக்கு யார் பத்தாயத்தில்?

"இடைத்தரகரை ஒழியுங்கள், நேரடியாக விற்றுவிடுங்கள்" என்று நகரத்து நண்பர்கள் நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான், தூயமல்லியையும் கருப்புக் கவுனியையும் அரிசியாக்கி உங்கள் வீட்டுக்கே அனுப்ப ஆரம்பித்தேன். சந்தோஷம்தான். ஆனால் கமிஷன் மண்டிக்காரர் எழுந்து போன நாற்காலியில் இன்னொருத்தர் வந்து உட்கார்ந்ததை மூன்று வருஷமாக நான் கவனிக்கவே இல்லை.

யார், எந்த ரகம், எத்தனை கிலோ, பாக்கி எவ்வளவு, முகவரி, செல் நம்பர் எல்லாம் இணையத்தில் ஓர் அட்டவணைச் செயலியில் இருந்தது. பார்க்க எக்செல் மாதிரி, உள்ளே டேட்டாபேஸ். இலவசம்னாங்க. போன தை அறுவடை சமயத்துல, "வரிசைகள் வரம்பைத் தாண்டிவிட்டன, இனி ஆள் கணக்குக்கு மாசாமாசம் டாலர் கட்டு" என்று வந்து நின்றது. சரி, என் கணக்கை எடுத்துக்கிட்டுப் போறேன்னு இறக்கினால், பெயர்கள் ஒரு கோப்பில், விற்பனை இன்னொரு கோப்பில். யாருக்கு எது என்று போட்டுவைத்த முடிச்சு மட்டும் அவிழ்ந்துபோயிருந்தது. நானும் வீட்டுக்காரியும் பழைய நோட்டை வைத்துக்கொண்டு பத்து ராத்திரி உட்கார்ந்து மறுபடி கட்டினோம்.

இப்போது கிரிஸ்ட். திறமூல மென்பொருள். பிரெஞ்சு அரசே தன் ஊழியர்களுக்காகச் சொந்தமாக ஒரு கிரிஸ்ட் நடத்துகிறது. என்னிடம் இருப்பது மகள் கல்லூரியில் வைத்திருந்த பழைய லேப்டாப். அதில் லினக்ஸ், டாக்கர், அதுக்குள்ளே கிரிஸ்ட். மொத்தக் கணக்கும் ஒரே ஒரு எஸ்க்யூலைட் கோப்பு. ராத்திரி பென்டிரைவில் ஒரு நகல். நாளைக்கே கிரிஸ்ட்காரர்கள் கடையை மூடினாலும், அந்தக் கோப்பைத் திறக்க வேறு கருவிகள் உண்டு. வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான் வேலை செய்யும். அரிசி மூட்டை கட்டும் திண்ணை வரை எட்டுகிறது, அது போதும்.

சென்னையில் ஐடி வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர் சிரித்தார். "மாசம் கொஞ்சம் பணத்தைக் கட்டிட்டுப் போகாம, உங்களுக்கு எதுக்குண்ணே இந்தத் தலைவலி?"

தலைவலி இல்லைன்னு நான் சொல்லலை. அப்டேட் போட ஒரு ஞாயிறு போகிறது. பேட்டரி செத்த லேப்டாப், கரண்ட் போனால் கணக்கும் படுத்துக்கும். சொந்தக் கிணறு என்றால் தூர் வாருவதும் நாம்தான். அதுக்காகக் கிணற்றை அடுத்தவனுக்கு எழுதிக் கொடுத்துடுவோமா?

அந்த அட்டவணையில் இருப்பது என் கணக்கு மட்டுமில்லை. உங்க வீட்டு முகவரி இருக்கு. "அம்மாவுக்குச் சர்க்கரை" என்று நீங்க சொன்னதால் நான் எழுதிவைத்த குறிப்பு இருக்கு. அதையெல்லாம் என்னை நம்பித்தான் கொடுத்தீங்க, கண்காணாத கம்பெனியை நம்பி இல்லை.

மருந்து அடிச்ச நெல்லான்னு என்கிட்ட பத்து தடவை கேட்கிறீங்க. கேளுங்க, தப்பில்லை. அடுத்த தடவை "எங்க விவரத்தை எங்கே வெச்சிருக்கீங்க"ன்னும் கேளுங்க. என்கிட்ட மட்டுமில்ல, நீங்க வாங்கற எல்லா விவசாயிகிட்டயும் கேளுங்க. நேரடி விற்பனைன்னா அரிசி மட்டும் நேரா வந்தா போதாது.